அழுத்தக் கட்டத்தை அடித்துவிடு: நண்பருக்குக் கடிதம்

அன்புள்ள கதிரேசன்,

நலம். உன் நலம் அறிய ஆவல். கடிதமும் அதோடு வைத்திருந்த அட்டவணையும் கிடைத்தன. நிலா, புதன், குறுங்கோள் செரீஸ், வியாழனின் துணைக்கோள் அயோ, செவ்வாய் என்று வரிசையாகப் போட்டு, எதிரே விட்டம், ஈர்ப்பு, விடுபடு திசைவேகம் (ஈர்ப்பிலிருந்து தப்ப வேண்டிய வேகம்), வாயுவின் தரை அழுத்தம் என்று கட்டம் கட்டியிருக்கிறாய். முதல் மூன்று கட்டங்களில் எனக்குக் குறையில்லை. நான்காவதை அடித்துவிடு. அந்த இடத்தில் மூன்று கட்டங்கள் வேண்டும்: கன சென்டிமீட்டருக்கு எத்தனை துகள், அவை எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு காலம் தங்குகின்றன. காரணம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நிலாவின் இரவுப் பக்கத்துக்கு நீ எழுதியிருக்கும் அழுத்தம் 0.0000000003 பாஸ்கல். எண் சரிதான். ஆனால் படிக்கிறவர் இதிலிருந்து ‘ஒன்றுமில்லை’ என்பதைத் தவிர வேறெதையும் தெரிந்துகொள்ள மாட்டார். இதையே துகள் எண்ணிக்கையாக மாற்றிப் பார். அழுத்தத்தைப் போல்ட்ஸ்மான் மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுக்க வேண்டும். இரவுத் தரைக்கு 100 கெல்வின் வைத்தால் கன செ.மீ.க்குச் சுமார் இரண்டு லட்சம் துகள் வரும். பூமியில் கடல்மட்டக் காற்றில் அதே அளவு இடத்தில் இருப்பது ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி கோடி. நிலாவைச் சுற்றியிருக்கும் வாயு முழுவதையும் திரட்டி நிறுத்தாலும் சில பத்து டன்தான் தேறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வளவு குறைந்த அழுத்தத்தை அளக்கும் மானிகள் வாயுவை அயனியாக்கி, அதாவது எலக்ட்ரானைக் கழற்றி மின்னேற்றி, அந்த மின்னோட்டத்தைத்தான் அளக்கின்றன, அவை நைட்ரஜனை வைத்துத் திருத்தப்பட்டவை. உள்ளே இருப்பது ஹீலியம் என்றால் உண்மை அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் காட்டும். ஆர்கான் என்றால் கொஞ்சம் கூட்டிக் காட்டும். என்ன வாயு என்று தெரியாமல் அழுத்தம் எழுதுவது, எந்த நாட்டுப் பணம் என்று சொல்லாமல் கணக்கு எழுதுவது போலத்தான்.

எண்ணிக்கை கையில் வந்துவிட்டால் அடுத்த கணக்கு சுலபம். ஓர் அணு இன்னொன்றின் மீது மோதுவதற்குள் எவ்வளவு தூரம் போகும்? கன செ.மீ.க்கு ஒரு லட்சம் துகள் என்று எடுத்துக்கொண்டால் சராசரி மோதலிடைத் தூரம் பதினேழாயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நிலாவின் ஆரமே 1,737 கி.மீ. ஆகவே அங்கே அணுவும் அணுவும் மோதுவதே இல்லை. ஒவ்வொன்றும் தரையிலிருந்து எழுந்து, எறிந்த கல் போகிற பாதையில் போய், மறுபடி தரையில் விழும். காற்று வீசுவது, ஒலி பரவுவது, மேகம் கட்டுவது எதற்கும் அங்கே இடமில்லை. பூமியில் இப்படிப்பட்ட நிலை பல நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் தொடங்கும். அதைப் புறவளி மண்டலம் என்கிறோம். நிலாவிலும் புதனிலும் அந்தப் புறவளி நேராகத் தரையிலேயே தொடங்குகிறது. உன் கட்டுரையில் ‘மெல்லிய காற்று’ என்று மூன்று இடத்தில் வருகிறது. இந்த இரண்டுக்கும் அந்தச் சொல் பொருந்தாது.

மோதல் இல்லாததால் வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே வெப்பநிலைக்கு வருவதும் இல்லை. ஹீலியத்துக்கு ஒரு மண்டலம், ஆர்கானுக்கு ஒரு மண்டலம், சோடியத்துக்கு ஒன்று என்று ஒரே இடத்தில் பல மண்டலங்கள், ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாமல். நிலாவின் நண்பகல் தரையில் 390 கெல்வின் இருக்கும்போது ஆர்கானின் அடர்த்தி உயரத்தோடு குறையும் அளவுகோல் சுமார் 50 கி.மீ.; ஹீலியத்துக்கு அதுவே 500 கி.மீ. இரவில் 100 கெல்வினில் ஆர்கானுக்கு 13 கி.மீ.தான். உன் அட்டவணையில் ‘வளிமண்டல உயரம்’ என்று ஒற்றை எண் போட நினைத்தாயானால் அதுவும் வேண்டாம்.

சரி, எது தங்கும், எது ஓடும்? ஹீலியத்தின் வேகம் நொடிக்கு 1.27 கி.மீ., தப்புவதற்கு 2.38 கி.மீ. வேண்டும், ஆகவே தங்கும் என்று முடித்துவிட்டாய். பலரும் வழுக்கும் இடம் இது. 1.27 என்பது அணுக்களிடம் மிகுதியாகக் காணும் வேகம். தப்பும் வேகத்தையே தாண்டிப் போகும் அணுக்கள் எப்போதும் ஒரு பங்கு உண்டு, கசிவு அந்தப் பங்கின் வழியாகத்தான். கணக்கிடும் முறை இது. விடுபடு திசைவேகத்தை அணுவின் வேகத்தால் வகுத்து வர்க்கப்படுத்து. அதை ஜீன்ஸ் எண் என்று வைத்துக்கொள். 390 கெல்வினில் நிலாவில் ஹைட்ரஜன் அணுவுக்கு 0.87, ஹீலியத்துக்கு 3.5, நியானுக்கு 17.5, ஆர்கானுக்கு 35. அணு எடைக்கு நேர் விகிதம் என்பதால் ஒன்றைப் போட்டால் மற்றவை தானே வந்துவிடும். பிறகு ஜீன்ஸ் எண்ணோடு ஒன்றைக் கூட்டி, 2.718-ஐ அந்த எண்ணின் அடுக்குக்கு ஏற்றி வருவதால் வகுத்தால், தரையிலிருந்து எழும் அணுக்களில் எத்தனை பங்கு திரும்பி வராது என்று கிடைக்கும்.

ஹீலியத்துக்குப் போட்டுப் பார். நண்பகலில் எழுவதில் ஏறக்குறைய ஏழில் ஒன்று திரும்புவதில்லை. இரவுப் பக்கத்தில் ஜீன்ஸ் எண் பதின்மூன்றைத் தாண்டிவிடும், லட்சத்தில் இரண்டு அணுதான் தப்பும். குளிரில் அணுவின் வேகம் குறைந்து தாவலும் சிறிதாகிவிடும், வந்தது எளிதில் விலகாது. அதனால்தான் ஹீலியம் இரவுப் பக்கத்தில் சேர்கிறது. பகலைப்போல் இருபது மடங்கு அடர்த்தி அங்கே உண்டு. எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு சூரியக் காற்றில், அதாவது சூரியன் வீசும் மின்னேற்றத் துகள் ஓட்டத்தில் வரும் ஆல்பா துகள்கள் (ஹீலியத்தின் அணுக்கருக்கள்). தரையில் புதைந்து, எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு ஹீலியமாக வெளியே கசிகின்றன. மிச்சம் நிலாவுக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து வருவது. 2013–14இல் நிலாவைச் சுற்றிய நாசாவின் லாடி விண்கலத்தின் பதிவில், சூரியக் காற்றின் ஆல்பா வரத்து ஏறி இறங்கியபடியே ஹீலியமும் ஏறி இறங்கியது. வரத்து நின்றால் சில நாளிலேயே இருப்பு தீரத் தொடங்கிவிடும்.

இனி ஆர்கான். இந்தக் கடிதத்தில் நீ ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள். விடுபடு திசைவேகம் அணுவின் வேகத்தைப்போல் ஆறு மடங்கு இருந்தால் அந்த வாயு கோடிக்கணக்கான ஆண்டுகள் நிற்கும் என்பது பாடநூல் விதி. ஆறின் வர்க்கம் 36. நிலாவில் ஆர்கானுக்கு 35. வெப்பத்தால் மட்டும் தப்ப வேண்டுமானால் அதற்குப் பல கோடி ஆண்டு ஆகும். அந்த விதிப்படி நிலா ஆர்கானை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆனால் கன செ.மீ.க்குச் சில பத்தாயிரம் அணுக்களைத் தாண்டுவது அரிது. காரணம், அந்த விதி சூரிய ஒளியைக் கணக்கில் எடுக்கவில்லை. 78.7 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் ஆர்கானிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கழற்றிவிடும். மின்னேற்றம் வந்த கணமே ஈர்ப்பின் பேச்சு எடுபடாது. சூரியக் காற்றின் மின்புலம் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இதற்குச் சில மாதங்கள் போதும். பூமியில் அடர்ந்த காற்றும் காந்தப்புலமும் கீழே உள்ள வாயுவை இதிலிருந்து காக்கின்றன. மோதலே இல்லாத மண்டலத்தில் ஒவ்வொரு அணுவும் வெயிலில் நிற்கிறது. சிறிய கோள்களைப் பற்றி எழுதும்போது விடுபடு திசைவேகத்தை மட்டும் காட்டி முடித்துவிடாதே என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அயனியான ஆர்கானில் ஒரு பகுதி வெளியே போகாமல் நிலாத் தரைக்குள்ளேயே அறைந்து செலுத்தப்படுகிறது. அப்போலோ கொண்டுவந்த மண்ணில் பொட்டாசியம் சிதைந்து உண்டாகியிருக்கக்கூடியதைவிடக் கூடுதல் ஆர்கான்-40 இருந்ததற்கு இதுதான் விளக்கம். ஆர்கான்-40க்கு மூலம் பொட்டாசியம்-40: அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டு, சிதைவதில் நூற்றுக்குப் பதினொன்று ஆர்கானாகிறது, மீதி கால்சியம். பாறைக்குள் பிறந்து, விரிசல் வழியே மேலே வர வேண்டும். லாடி பார்த்தபோது நிலாவின் மேற்குப் பகுதியில், பொட்டாசியம் மிகுந்த இருண்ட சமவெளிகளுக்கு மேலே ஆர்கான் தனியாகப் புடைத்திருந்தது. சந்திரயான்-2இல் வாயுக்களை அளந்த சேஸ்-2 கருவி நடு அட்சரேகைகள் வரை ஆர்கான் பரவியிருப்பதைக் காட்டியது. அதுவரை கிடைத்தவை பெரும்பாலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய அளவுகள்.

ஆர்கானின் அன்றாடமும் சுவையானது. பகலில் அது தவளைப் பாய்ச்சலில் போகும்: நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் நேர்மேலே எழுந்தால் ஐம்பது கி.மீ. உயரம் ஏறி எட்டு நிமிடத்தில் இறங்கும். எந்தத் திசை என்பது குருட்டாம்போக்கு. இரவுப் பக்கம் போய் விழுந்தால் குளிர்ந்த மண்ணில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டியது விடியும்வரை எழாது. நிலாவின் இரவு பூமிக்கணக்கில் ஏறக்குறைய பதினான்கு நாள். விடியற்கோட்டில் தரை சூடேறியதும் ஒட்டியிருந்தது மொத்தமாக எழும். அதனால் ஆர்கானின் உச்சம் சூரிய உதயத்தில். ஹீலியம் அந்தக் குளிரில் ஒட்டாது, ஆகவே அதன் உச்சம் நள்ளிரவை ஒட்டி. ஒரே நிலா, இரண்டு வாயு, இரண்டு கடிகாரம். துருவத்தில் வெயில் படாத பள்ளங்களில் விழுந்த அணு எப்போது எழும் என்று கேட்காதே. சிலவற்றில் வெப்பநிலை 30 கெல்வினுக்கும் கீழே போகிறது.

இப்போது உன் அடுத்த கேள்வி: தொலைநோக்கியில் சோடியம் தெரிகிறது, ஆகவே சோடியம்தான் முதன்மையா? இல்லை. நிலாத் தரை அருகே சோடியம் கன செ.மீ.க்கு எழுபது அணு, அவ்வளவுதான். ஆனால் 589.0, 589.6 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை அது சிதறடிக்கும் திறன் அபாரம். ஆர்கானின் வலுவான கோடுகள் 105, 107 நானோமீட்டர் பக்கம். நம் காற்று அந்த ஒளியைத் தரைக்கு விடாது. ஆகவே தரையிலிருந்து பார்க்கும்போது கண்ணில் படுவது கூட்டத்தில் சத்தம் போடும் சிறுபான்மை. வானியலாளர்கள் பாட்டரும் மார்கனும் 1985இல் புதனிலும் 1988இல் நிலாவிலும் கண்டது இதைத்தான்.

சோடியத்தைத் தரையிலிருந்து கிளப்புவது எது என்பதில் சண்டை நெடுநாள் நடந்தது. புற ஊதா ஒளி கிளப்புகிறது, சூரியக் காற்று அடித்துப் பெயர்க்கிறது, நுண்கற்கள் மோதி ஆவியாக்குகின்றன என்று மூன்று கட்சி. ஜெமினிட் எரிகல் மழையின்போது நிலாவில் சோடியம் ஏறியதை லாடி பதிவு செய்தது. 2024இல் அப்போலோ மண்ணின் பொட்டாசியம், ரூபிடியம் ஐசோடோப்புகளை வைத்து வந்த ஆய்வு, நெடுங்காலக் கணக்கில் ஏறக்குறைய எழுபது விழுக்காடு மோதல் ஆவியாக்கம், மீதி சூரியக் காற்று என்று பிரித்தது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்; ஆனால் ஒரு நாளில் ஏறி இறங்கும் சோடியத்துக்கு ஒளிதான் பெரிய காரணம் என்று சொல்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கால அளவு.

புதனில் சோடியத்துக்கு ஜீன்ஸ் எண் போட்டுப் பார். 700 கெல்வின், 4.25 கி.மீ. விடுபடு திசைவேகம்: விடை மறுபடி 36 அருகே வந்து நிற்கும். ஆனாலும் புதனுக்குப் பல லட்சம் கிலோமீட்டர் நீளத்தில் சோடிய வால் இருக்கிறது. மோதலில் கிளம்பும் அணு தரையைவிட மிகச் சூடானது என்பது ஒரு பாதி. மறுபாதி ஒளியின் தள்ளுவிசை. இதில் ஒரு நுட்பம் உண்டு. சூரிய ஒளியில் 589 நானோமீட்டரில் சோடியத்தின் கருங்கோடு இருக்கிறது, சூரியனிலுள்ள சோடியமே அந்த ஒளியை விழுங்கிவிடுவதால். சூரியனைப் பொறுத்து அசையாமல் நிற்கும் அணுவுக்கு அந்த நிறத்தில் ஒளி குறைவு. புதனின் பாதை நீள்வட்டம், ஆகவே அது சூரியனை நெருங்கும்போதும் விலகும்போதும் நொடிக்குப் பத்து கி.மீ. வரை வேகம் வருகிறது. டாப்ளர் விளைவால், அதாவது வேகத்துக்கேற்ப அலைநீளம் மாறுவதால், அணுவின் கோடு 0.02 நானோமீட்டர் நகர்ந்து கருங்கோட்டின் நிழலை விட்டு வெளியே வந்துவிடும். அப்போது படும் ஒளி பல மடங்கு. தள்ளுவிசை புதனின் ஈர்ப்பில் பாதி வரை போகும். சூரியனுக்கு மிக அருகே வரும் அண்மை நிலையிலும் மிகத் தொலைவில் போகும் சேய்மை நிலையிலும் அந்த வேகம் பூச்சியமாவதால் வால் சுருங்கிவிடும். 589 வடிகட்டியோடு புதனைப் படமெடுக்க நினைப்பவர்கள், மாலை வானில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று மட்டும் பார்த்து நாள் குறித்து ஏமாறுவது இதில்தான். புதன் அண்மை நிலையைக் கடந்து இரண்டு வாரம் கழித்த நாட்களையும், அண்மை நிலைக்கு இரண்டு வாரம் முந்திய நாட்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் உயரம் வாய்க்கும் நாளைத் தேர்வு செய்வதே சரி.

அளவிடுவதில் வரும் தொல்லையை உன் கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுது. இவ்வளவு வெறுமையான இடத்துக்குக் கருவியை அனுப்பினால், கருவி தன் வாயுவையே முதலில் அளக்கும். அப்போலோ தரையிறங்கு கலம் ஒவ்வொன்றும் கக்கிய புகையே டன் கணக்கில், நிலாவின் சொந்த இருப்போடு போட்டி போடும் அளவு. விண்வெளி வீரரின் உடையில் கசிந்த வாயு, அவர் அருகே வந்தாலே அழுத்தமானியை எகிற வைத்தது. அப்போலோ 17 வைத்த நிறை நிறமாலைமானி (வாயுவை அணு எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) 1972 டிசம்பரிலிருந்து 1973 அக்டோபர் வரை இயங்கியும் பகல் அளவுகள் தேறவில்லை. வெயிலில் காய்ந்த கலமும் கருவிப் பெட்டிகளும் விட்ட வாயு எல்லாவற்றையும் மூழ்கடித்தது. 2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1இன் மோதுகலத்தில் இறங்கிய சேஸ் கருவி பகல் பக்கத்தில் நீராவியையும் கார்பன் டையாக்சைடையும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் கண்டபோது எழுந்த கேள்வியும் இதுவே: எவ்வளவு நிலாவினுடையது, எவ்வளவு கலத்தினுடையது?

நிறை நிறமாலையிலும் பொறி இருக்கிறது. கருவி பார்ப்பது நிறையை மின்னேற்றத்தால் வகுத்த எண்ணை. 20 என்ற இடத்தில் நியான் மட்டும் வராது. இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆர்கான்-40 அங்கேதான் விழும், ஆக்சிஜன்-18 கொண்ட நீரும் அங்கேதான். 36இல் ஆர்கான்-36ஐத் தேடினால் ஹைட்ரஜன் குளோரைடு வந்து நிற்கும். 22இல் கார்பன் டையாக்சைடின் இரட்டை அயனி. ஆகவே 40இன் அளவைப் பார்த்து, கருவியின் திருத்த விகிதப்படி 20இல் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கணக்கிட்ட பிறகே நியானைப் பற்றிப் பேசலாம். உண்மை வாயுவா, கலத்தின் கசிவா என்று பிரிக்க நம்பகமான வழி நேரம்தான்: உண்மை ஆர்கான் நிலாவின் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றும், நள்ளிரவில் அடங்கி விடியலில் எழும். கசிவு கலத்தின் வெப்பநிலையைப் பின்பற்றும், ஏவிய நாள் முதல் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வரும். இரண்டாவது வழி, கருவியின் வாயைப் பறக்கும் திசைக்கும் எதிர்த்திசைக்கும் திருப்பிப் பார்ப்பது. முன்னே திருப்பினால் அள்ளுவது நிலாவின் வாயு.

செரீஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கி 557 கிகாஹெர்ட்ஸ் நீராவிக் கோட்டில் நொடிக்குச் சுமார் ஆறு கிலோ வெளியேற்றத்தைக் கண்டது. சில நாட்களில் தெரிந்தது, சில நாட்களில் இல்லை. விடுபடு திசைவேகம் 0.51 கி.மீ., 200 கெல்வினில் நீர் மூலக்கூறின் வேகம் 0.43 கி.மீ. ஜீன்ஸ் எண் 1.4. அங்கே வாயு குடியிருப்பதில்லை, கடந்து போகிறது.

அயோதான் உன் அட்டவணையைக் குழப்பும். பகலில் தரையிலிருக்கும் சல்பர் டையாக்சைடு உறைபனி பதங்கமாகிப் பாஸ்கலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு அழுத்தம் தருகிறது. மோதலிடைத் தூரம் சில பத்து மீட்டருக்கு இறங்கிவிடுவதால் இது உண்மையான காற்று, வீசவும் செய்யும். ஆனால் 42.5 மணிக்கு ஒருமுறை வியாழனின் நிழலுக்குள் இரண்டு மணி நேரம் போகிறது. 2013 நவம்பரில் ஜெமினி தொலைநோக்கியில் பார்த்தபோது தரை 127 கெல்வினிலிருந்து 105க்கு இறங்க, வாயு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒட்டுமொத்தமாக உறையாமல் மிச்சம் நிற்பதற்கு எரிமலைகள் காரணம். ஆவி அழுத்தம் வெப்பநிலையைச் சார்ந்து செங்குத்தாக விழும், எரிமலை அதைச் சட்டை செய்யாது. நொடிக்கு ஏறக்குறைய ஒரு டன் பொருள் வியாழனின் காந்த மண்டலத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

செவ்வாயை எடுத்துவிடு. 610 பாஸ்கல், மோதலிடைத் தூரம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வேறு இனம், தனிக் கட்டுரை கேட்கிறது. அயோவுக்கு நண்பகல், நிழல் நேரம் என்று இரண்டு வரிசை போடு. நிலாவுக்கு ஹீலியம், நியான், ஆர்கான், சோடியம் தனித்தனி வரிசை, ஒவ்வொன்றின் உச்ச நேரத்தோடு. புதனின் வரிசையைப் பென்சிலில் எழுது: பெபிகொலம்போ விண்கலம் 2026 நவம்பரில் சுற்றுப்பாதையில் சேர வேண்டும், அதில் சோடியத்தை மட்டும் படமெடுக்கவே ஒரு கருவி போகிறது. திருத்திய அட்டவணையை அனுப்பு. நியான் வரிசையில் நீ எந்த அளவை எடுத்திருக்கிறாய் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
சபாபதி